தூண்டில் பிடித்த துணிக்கடைக்காரர்

1653-ம் ஆண்டு, மே மாதம். இங்கிலாந்து நாடு கொந்தளித்துக் கொண்டிருந்த சமயம்.

மன்னர் முதலாம் சார்லசின் தலையை மக்கள் முன்னிலையில் வெட்டி நாலு ஆண்டுதான் ஆகியிருந்தது. முந்திய மாதம் 20-ந் தேதி தளபதி கிராம்வெல் சிப்பாய்களுடன் பாராளுமன்றத்துக்குள் புகுந்தார். உறுப்பினர்களை வெளியே விரட்டினார். கதவைப் பூட்டினார். நாளைக்கு என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரன் எந்தக் கட்சி என்று தெரிந்துகொண்டுதான் வாயைத் திறக்க வேண்டும் என்ற நிலைமை.

அந்த நேரத்தில் லண்டன் மாநகரில் ஒரு சின்னப் புத்தகம் விற்பனைக்கு வந்தது. சட்டைப் பையில் அடங்கும் அளவு. விலை ஒன்றரை ஷில்லிங். முதல் பக்கத்தில் ஆசிரியரின் பெயர் இல்லை. உள்ளே ஓர் இடத்தில் பெயரைச் சுருக்கி இரண்டு மூன்று எழுத்தில் போட்டிருந்தார்கள்.

அரசியல் புத்தகமா? இல்லை. சண்டைப் புத்தகமா? அதுவும் இல்லை. ஆற்றங்கரையில் உட்கார்ந்து தூண்டில் போட்டு மீன் பிடிப்பது எப்படி என்று சொல்லும் புத்தகம்!

"முழுமையான தூண்டில்காரர்" என்பது அந்தப் புத்தகத்தின் பெயருக்குத் தமிழ்ப் பொருள். எழுதியவர் ஐசக் வால்டன். அன்று முதல் இன்றுவரை அது நூற்றுக்கணக்கான பதிப்புகள் கண்டுவிட்டது.

ஆனால் அதில் ஒரு குறை இருந்தது. வசந்த காலத்தில், ஆற்றின் நிலைமை நாளுக்கு நாள் மாறும்போது, இறகால் செய்த பொய் ஈயைக் காட்டி டிரவுட் மீனைப் பிடிப்பது தனிக் கலை. அந்தக் கலையில் வால்டன் கெட்டிக்காரர் அல்ல. அந்தக் குறை தீர 23 ஆண்டுகள் ஆயின. அது எப்படித் தீர்ந்தது என்பதுதான் வால்டன் கதையில் சுவையான பகுதி.

சாராயக் கடைக்காரர் மகன்

ஸ்டாஃபர்டு என்ற ஊரில் 1593-ம் ஆண்டு வால்டன் பிறந்தார். ஆகஸ்டு 9-ந் தேதி அவருடைய பிறந்த நாள்.

தகப்பனார் சாராயக் கடை வைத்திருந்தார். மகனுக்கு மூன்று வயது முடிந்து நாலு நடக்கும்போது அவர் இறந்துபோனார். தாயார் மறுமணம் செய்துகொண்டார். மாற்றாந் தகப்பனாரும் விடுதிக்காரர்தான்.

பையன் பல்கலைக்கழகப் படியை மிதித்ததில்லை. லண்டனுக்கு அனுப்பினார்கள். அங்கே அக்காள் கணவர் துணி வியாபாரி. அவரிடம் தொழில் பழகினார். 1618-ல் இரும்பு வியாபாரிகள் சங்கத்தில் உறுப்பினர் ஆனார். துணிக்கடைக்காரருக்கு இரும்புச் சங்கத்தில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். அந்தக் காலத்து லண்டனில் ஏதாவது ஒரு சங்கத்தில் சேர்ந்தால்தான் கடை வைக்கலாம். எந்தச் சங்கம் என்பது முக்கியம் இல்லை.

ஃபிளீட் தெருவில் கடை போட்டார். கூட்டம் நிறைந்த தெரு. கடைக்குப் பக்கத்தில் புனித டன்ஸ்டன் மாதா கோவில். அங்கே பாதிரியாராக வந்தவர் ஜான் டன். ஆங்கிலக் கவிஞர்களில் பெரும்புகழ் பெற்றவர் அவர். முழக்கோலும் கையுமாகத் துணி அளந்து கொடுத்த வால்டனுக்கும், உயர்ந்த கல்வி கற்ற அந்தக் கவிஞருக்கும் நட்பு உண்டாயிற்று. டன் இறப்பதற்குக் கொஞ்ச காலம் முன்பு நெருங்கிய நண்பர்களுக்கு முத்திரைக் கல் ஒன்று கொடுத்தார். அதில் ஒன்று துணிக்கடைக்காரருக்கு வந்தது. அந்த முத்திரையை மறந்துவிடாதீர்கள். பிறகு வரும்.

ஏழு குழந்தைகள்

1626-ல் ரேச்சல் என்ற பெண்ணை வால்டன் மணந்தார். ஏழு குழந்தைகள் பிறந்தன. ஏழும் சிறு வயதிலேயே இறந்தன. 1640-ல் ரேச்சலும் காலமானார்.

கொள்ளை நோயும் காய்ச்சலும் அடிக்கடி வந்த நகரம் அது. எத்தனையோ வீடுகளில் இப்படித்தான். ஆனாலும் ஒரே வீட்டில் ஏழு!

துக்கம் நிறைந்த அந்த ஆண்டுகளில் அவருக்கு ஆறுதலாக இருந்தவை இரண்டு. ஒன்று நண்பர்கள். இன்னொன்று தூண்டில்.

ஈட்டன் பள்ளியின் தலைவர் சர் ஹென்றி வாட்டன், தேம்ஸ் நதியில் வால்டனுடன் தூண்டில் போடும் தோழர். டன்னின் வாழ்க்கை வரலாற்றை எழுதப்போவதாக வாட்டன் சொல்லியிருந்தார். தகவல் சேகரித்துக் கொடுப்பது வால்டனின் வேலை. ஆனால் வாட்டன் 1639 டிசம்பரில் இறந்துவிட்டார். புத்தகம் அச்சுக்குப் போகும் நேரம். வேறு வழி இல்லாமல் வால்டனே பேனாவை எடுத்தார். அந்த வரலாறு 1640-ல் வெளிவந்தது. படித்தவர்கள் வியந்துபோனார்கள். துணிக்கடைக்காரர் 47-வது வயதில் எழுத்தாளர் ஆனார். பின்னாளில் வாட்டனின் வரலாற்றையும் அவரே எழுதினார்.

1647-ல் ஆன் கென் என்ற பெண்ணை இரண்டாம் தாரமாக மணந்தார். இந்த முறை ஒரு மகளும் ஒரு மகனும் பிழைத்து வளர்ந்தார்கள்.

மன்னரின் நகை

இதற்குள் உள்நாட்டுப் போர் மூண்டுவிட்டது. ஒரு பக்கம் மன்னர். மறு பக்கம் பாராளுமன்றம். வால்டன் மன்னர் கட்சி. லண்டனோ பாராளுமன்றத்தின் கையில். அவர் வியாபாரத்தை முடித்துக்கொண்டு அமைதியாக ஒதுங்கினார்.

ஒதுங்கியவர் ஒரு தடவை உயிருக்கு ஆபத்தான காரியம் ஒன்றில் இறங்கினார்.

1651 செப்டம்பர் 3-ந் தேதி உர்ஸ்டர் என்ற இடத்தில் நடந்த போரில் இளவரசர் தோற்றார். அவர்தான் பின்னாளில் மன்னர் இரண்டாம் சார்லஸ். மாறுவேடம் போட்டு ஓடினார். அவர் அணிந்திருந்த விருதுப் பதக்கம் ஒன்று பிளேக் என்ற ராணுவ அதிகாரியிடம் இருந்தது. புனித ஜார்ஜின் உருவம் பொறித்த நகை. எதிரி கையில் சிக்கினால் அவமானம். பிளேக் அதை ஸ்டாஃபர்டு பக்கத்தில் ஒரு வீட்டில் ஒளித்து வைத்தார். பிறகு அவரே கைதானார். லண்டன் கோட்டைச் சிறையில் அடைத்தார்கள்.

நகை கை மாறி, கை மாறி, கடைசியில் வால்டனிடம் வந்தது. வழியெல்லாம் சிப்பாய்கள். சோதனையில் அகப்பட்டால் தலை தப்பாது. அப்போது வால்டனுக்கு வயது 58. அவர் அதை லண்டனுக்குக் கொண்டுபோய்ப் பிளேக்கிடம் சேர்த்துவிட்டார். பிளேக் பிறகு சிறையிலிருந்து தப்பி, கடல் கடந்து, நகையை மன்னரிடமே ஒப்படைத்தார்.

வால்டன் இதைப் பற்றி எங்கேயும் பெருமை அடித்துக்கொள்ளவில்லை. மன்னர் தந்த விருதுகளின் வரலாற்றை எழுதிய ஆஷ்மோல் என்பவர் 1672-ல் எழுதி வைத்ததால்தான் நமக்குத் தெரிகிறது.

இது நடந்து இரண்டு ஆண்டு கழித்துத்தான் மீன் புத்தகம் வந்தது.

புத்தகத்தில் என்ன இருக்கிறது?

லண்டனுக்கு வடக்கே லீ என்று ஒரு நதி ஓடுகிறது. மே மாதக் காலை. தூண்டில்காரர் ஒருவரும் வழிப்போக்கர் ஒருவரும் சந்திக்கிறார்கள். பேசிக்கொண்டே நடக்கிறார்கள். தூண்டில்காரர் ஒவ்வொரு மீனைப் பற்றியும் சொல்கிறார். வெயில் ஏறினால் மரத்தடியில் உட்காருகிறார்கள். மழை வந்தால் வேலி ஓரம் ஒதுங்குகிறார்கள். இரவில் விடுதியில் மீனைச் சமைக்கச் சொல்லிச் சாப்பிடுகிறார்கள். பாட்டுப் பாடுகிறார்கள். கதை அவ்வளவுதான்.

நாட்டில் ரத்தம் ஓடியதைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. ஆனால் அந்தக் காலத்தில் அதைப் படித்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று யூகிக்கலாம். சண்டை ஓய்ந்தால் நாமும் இப்படி நடக்கலாமே என்றுதான் நினைத்திருப்பார்கள்.

புத்தகத்தில் தவறுகளும் உண்டு. பைக் என்ற பெரிய மீன் ஒரு நீர்ப்பூண்டிலிருந்து உண்டாகிறது என்று வால்டன் நம்பினார். பழைய அறிஞர் ஒருவர் அப்படி எழுதியிருந்தார். வால்டன் அதை ஏற்றுக்கொண்டார். ரிச்சர்டு ஃபிராங்க் என்று ஒரு தூண்டில்காரர், கிராம்வெல் கட்சிக்காரர், ஸ்டாஃபர்டில் வால்டனை நேரில் பார்த்தபோது இதைக் கேட்டு மடக்கினாராம். வால்டன் அறிஞர் பெயரைச் சொன்னார். ஃபிராங்க் விடவில்லை. வால்டன் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார் என்று ஃபிராங்க் எழுதி வைத்திருக்கிறார். பொறுமைக்குப் பெயர்போனவருக்கும் கோபம் வந்திருக்கிறது!

உயிருள்ள தவளையை முள்ளில் கோர்ப்பது எப்படி என்றும் வால்டன் விளக்கமாக எழுதினார். 170 ஆண்டு கழித்துக் கவிஞர் பைரன் இந்த மாதிரிக் கொடுமைக்காக அவரைக் கடுமையாகத் திட்டினார். பைரன் சொன்னதில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது.

மண்புழு வேறு, ஈ வேறு

வால்டன் பெரும்பாலும் மண்புழு, சின்ன மீன், தவளை போன்ற இரைகளைப் போட்டு மீன் பிடித்தவர். நம் ஊர்க் குளக்கரையில் தக்கை கட்டித் தூண்டில் போடுகிறவர்களுக்கு அந்த முறை புரியும்.

ஈத் தூண்டில் வேறு மாதிரி. முதலில் டிரவுட் மீனைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

நீலகிரியில் அவலாஞ்சிப் பக்கம் போனவர்கள் டிரவுட் மீன் பண்ணையைப் பார்த்திருக்கலாம். வெள்ளைக்காரர் ஆட்சியில் கொண்டுவந்து விட்ட மீன் அது. அங்கே நிலைத்தது வானவில் டிரவுட் என்ற அமெரிக்க இனம். வால்டன் நாட்டு மீன் பழுப்பு டிரவுட். உடம்பில் கறுப்பும் சிவப்புமாகப் புள்ளிகள் இருக்கும். இரண்டுக்கும் குளிர்ந்த, தெளிந்த, ஓடும் தண்ணீர் வேண்டும்.

டிரவுட் மீன் ஓடும் நீரில் தலையை மேல்நோக்கி வைத்துக்கொண்டு ஒரே இடத்தில் நிற்கும். நீரோட்டத்தில் மிதந்து வரும் பூச்சிகளைப் பிடித்துத் தின்னும். அந்தப் பூச்சிகளில் பல, தண்ணீருக்குள்ளேயே மாதக்கணக்கில் புழுவாக வாழ்கின்றன. வசந்தத்தில் மேலே வந்து, சிறகு முளைத்துப் பறக்கின்றன. நம் ஊரில் மழை விட்டதும் புற்றிலிருந்து ஈசல் கிளம்புகிறது அல்லவா? அதைப் போல ஆற்றிலிருந்து கூட்டம் கூட்டமாகக் கிளம்பும். ஈசலைப் போலவே அற்ப ஆயுள்.

இப்படிப் பறக்கும் பூச்சி மிக மென்மையானது. முள்ளில் கோர்த்து வீசினால் சிதைந்துவிடும். அதனால் முள்ளின் மேல் பட்டு நூலைச் சுற்றி, நாய், கரடி, ஒட்டகம் முதலியவற்றின் மயிரை உடம்பாக வைத்து, வாத்து இறகைச் சிறகாகக் கட்டி, பொய் ஈ செய்வார்கள். மயில் தோகை கூட உபயோகப்பட்டது. அந்த ஈயைத் தண்ணீரின் மேல் நிஜப் பூச்சி விழுவதுபோல மெதுவாக விழச் செய்ய வேண்டும். மீன் ஏமாந்தால் சரி. இல்லாவிட்டால் வெறும் கையோடு வீடு திரும்ப வேண்டியதுதான்.

இதைப் பற்றி வால்டன் தம் புத்தகத்தில் எழுதியது பெரும்பாலும் இரவல். தாமஸ் பார்க்கர் என்ற சமையல்காரர் 1651-ல் மீன்பிடிப்புப் பற்றி ஒரு நூல் எழுதியிருந்தார். அவரிடமிருந்து எடுத்தார். பார்க்கரின் பெயரையும் மறைக்காமல் குறிப்பிட்டார். ஆனாலும் அனுபவித்து எழுதுவது வேறு, கேட்டு எழுதுவது வேறு. வால்டனுக்கே அது தெரிந்திருந்தது.

காட்டன் என்ற வாலிபர்

வடக்கே டார்பிஷயருக்கும் ஸ்டாஃபர்டுஷயருக்கும் எல்லையாக டவ் என்ற நதி ஓடுகிறது. சுண்ணாம்புப் பாறைக் குன்றுகளுக்கு நடுவே, பளிங்கு போன்ற தண்ணீர். அதன் கரையில் பெரெஸ்ஃபோர்டு மாளிகை. அதன் சொந்தக்காரர் சார்லஸ் காட்டன்.

காட்டன் என்றால் பருத்தி. துணிக்கடைக்காரருக்கு வாய்த்த நண்பரின் பெயரைப் பார்த்தீர்களா!

காட்டன் 1630-ல் பிறந்தவர். வால்டனுக்கு 37 வயது இளையவர். கவிஞர். பிரெஞ்சு மொழியிலிருந்து பெரிய நூல்களை மொழிபெயர்த்தவர். ஆனால் தகப்பனார் சொத்தோடு கடனையும் சேர்த்து வைத்துவிட்டுப் போனார். மகனுக்கும் பணத்தைச் சேர்த்து வைக்கத் தெரியாது. கடன்காரர்கள் வந்தால் மாளிகைக்குப் பக்கத்தில் உள்ள குகையில் ஒளிந்துகொள்வார் என்று ஊரார் கதை சொல்வார்கள்.

காசு விஷயத்தில் எப்படியோ, ஈத் தூண்டிலில் அவருக்கு நிகர் அந்த நாளில் இல்லை.

இந்த இரண்டு பேருக்கும் எப்படி ஒத்துப்போயிற்று என்பது ஆச்சரியம். ஒருவர் பக்திமான், பாதிரியார்களின் தோழர். மற்றவர் கேலிப் பாட்டு எழுதுகிறவர், உல்லாசப் பிரியர். வால்டன் காட்டனுடைய தகப்பனாரின் நண்பர். அந்த உறவில் காட்டன் அவரைத் தம் தகப்பனாராகவே பாவித்தார். அப்பா என்றே அழைத்தார்.

1674-ல் காட்டன் டவ் நதிக் கரையில் கல்லால் ஒரு சின்ன மீன்பிடி வீடு கட்டினார். ஒரே அறை. வாசலுக்கு மேல் இரண்டு பேர் பெயர்களின் முதல் எழுத்துகளையும் ஒன்றோடொன்று பின்னிக் கல்லில் செதுக்க வைத்தார். கடனில் மூழ்கிக் கொண்டிருந்தவர், கட்டிய வீட்டில் தம் பெயரோடு நண்பர் பெயரையும் பொறித்தார்.

பத்து நாளில் எழுதிய புத்தகம்

ஈத் தூண்டிலைப் பற்றி எழுதித் தருவதாகக் காட்டன் வால்டனிடம் சொல்லியிருந்தார். ஆனால் எழுதவில்லை. வருடங்கள் ஓடின.

1676-ம் ஆண்டு தொடக்கத்தில், வால்டன் புத்தகத்தின் ஐந்தாம் பதிப்பு அச்சாகப் போகிறது என்ற செய்தி காட்டன் காதில் விழுந்தது. பெரியவருக்கு வயது 82. இதை விட்டால் இன்னொரு சந்தர்ப்பம் வருமா? காட்டன் உட்கார்ந்தார். பத்து நாளுக்குச் சற்று அதிகமான நேரத்தில் ஒரு முழு நூலை எழுதி முடித்தார். மார்ச் 10-ந் தேதி கையெழுத்துப் போட்டு லண்டனுக்கு அனுப்பினார்.

வால்டன் அதை வாங்கி என்ன செய்தார்? தம் பெயரில் சேர்த்துக்கொள்ளவில்லை. வெட்டிச் சுருக்கவில்லை. இரண்டாம் பாகம் என்று போட்டு, காட்டனின் பெயரிலேயே வெளியிட்டார். புத்தகம் 23 ஆண்டாகப் புகழ் பெற்று விளங்கியது. அதன் ஆசிரியர், ஈத் தூண்டிலில் தன்னைவிட இந்த வாலிபன் கெட்டிக்காரன் என்று நாடறிய ஒப்புக்கொண்டது போல ஆயிற்று.

அந்த ஆண்டு மூன்றாம் பாகமாக வேறொரு நூலையும் சேர்த்துக் கட்டினார்கள். அதை எழுதியவர் வெனபிள்ஸ். கிராம்வெல்லின் படைத் தளபதியாக இருந்தவர்! மன்னரின் நகையைக் காப்பாற்றியவரும், மன்னரை எதிர்த்தவரின் தளபதியும் ஒரே அட்டைக்குள் அடங்கினார்கள்.

மாறும் ஆறு

காட்டன் எழுதிய பாகத்தில் ஒரு பயணி வருகிறார். அவரைக் குன்றுகள் வழியாக அழைத்துப்போய், மீன்பிடி வீட்டில் உட்கார வைத்துப் பாடம் சொல்கிறார் காட்டன். ஜனவரி முதல் டிசம்பர் வரை எந்த மாதம் எந்த ஈ என்று வரிசையாகக் கூறுகிறார். ஒவ்வொன்றுக்கும் எந்த நிற மயிர், எந்தப் பறவையின் இறகு என்று கணக்கு.

ஏன் இத்தனை ஈ? ஒரே ஈயை ஆண்டு முழுவதும் போட்டால் என்ன?

வசந்த காலத்தில் ஆறு ஒரே மாதிரி இருப்பதில்லை. அதுதான் காரணம்.

மார்ச் மாதத்தில் மழை அதிகம். மலையில் மிச்சமிருந்த பனியும் உருகிக் கலக்கும். ஆறு பெருகி, மண் கரைந்து பழுப்பாக ஓடும். தண்ணீர் பனிக்கட்டி போல் குளிரும். மீனின் உடம்புச் சூடு தண்ணீரின் சூட்டைப் பொறுத்தது. தண்ணீர் குளிர்ந்தால் மீன் சோம்பலாக அடியிலேயே கிடக்கும். மேலே என்ன மிதக்கிறது என்று கலங்கல் நீரில் அதற்குத் தெரியவும் தெரியாது. அப்போது ஈ வீசுவது வீண். டிரவுட் மீனை மேலே ஈயால் பிடிக்கலாம், நடுவே சின்ன மீனால் பிடிக்கலாம், அடியில் புழுவால் பிடிக்கலாம் என்று காட்டன் மூன்றாகப் பிரிக்கிறார். எது என்று ஆறுதான் சொல்ல வேண்டும்.

வெள்ளம் வடியும். நாளுக்கு நாள் நிறம் மாறும். அடிக் கற்கள் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். நடுப்பகலில் வெயில் பட்டுத் தண்ணீர் கொஞ்சம் சூடேறும். அப்போது சின்னஞ்சிறு கறுத்த பூச்சிகள் எழும்பும். மீனும் தலை தூக்கும். தூண்டில்காரனுக்கு அந்த ஒன்றிரண்டு மணி நேரம்தான்.

ஏப்ரல் நடுவில் கல் ஈ என்ற பெரிய பூச்சி வரும். ஆனால் மே நடுவில்தான் மீன் அதை ஆசையாகத் தின்னும் என்கிறார் காட்டன். மே 20-ந் தேதி வாக்கில் பச்சை ஈ வரும். இதைத்தான் இன்று மே ஈ என்கிறார்கள். பெரிய பூச்சி, மஞ்சளும் பச்சையும் கலந்த சிறகு. அது கிளம்பும் நாளில் கிழட்டு மீன் கூட நிதானத்தை இழந்து மேலே பாயும். இங்கே ஒரு சின்ன விஷயம். அன்று இங்கிலாந்தில் இருந்தது பழைய பஞ்சாங்கம். பத்து நாள் பின்தங்கியது. காட்டன் சொன்ன மே 20 நமக்கு மே 30.

தேதியைச் சொன்னவர் அதைக் கட்டி அழவில்லை. அந்த ஆண்டின் சீதோஷ்ணத்தைப் பொறுத்து ஈ முந்தியும் வரும், பிந்தியும் வரும் என்று கூடவே எழுதினார். நானூறு மைல் சுற்றி வந்தவர் எழுதியதல்ல இது. ஒரே ஆற்றை ஆண்டுதோறும் பார்த்தவர் எழுதியது.

காற்றுக்கும் கணக்கு உண்டு. காற்று அடித்து நீர்ப்பரப்பு சுருங்கி அலை எழுந்தால், அசைவற்ற மடுவில் வீசலாம். மீனுக்கு மனிதன் தெரியமாட்டான். காற்று இல்லாவிட்டால் வேகமாக ஓடும் நீரில்தான் வீச வேண்டும். காற்று முதுகுப் பக்கம் இருக்கட்டும்.

ஜூன் நெருங்க நெருங்க ஆறு வற்றித் தெளியும். மீன் கரையில் நிற்பவனின் நிழலைக் கண்டாலே ஓடிவிடும். இங்கேதான் காட்டனின் தலையாய பாடம் வருகிறது. தூண்டில் கயிறு மெல்லியதாக இருக்க வேண்டும். ஆள் தொலைவில் நிற்க வேண்டும். அன்று நைலான் கிடையாது. குதிரை வால் மயிரைத் திரித்துக் கயிறாக்குவார்கள். கோலின் நீளம் 15 அடி, 18 அடி. சுற்றி இழுக்கும் உருளை கூட அவர் கோலில் இல்லை. கயிறு முள்ளுக்குப் பக்கத்தில் வரும்போது இரண்டே மயிர்! 20 அங்குல டிரவுட் மீனை அந்த இரண்டு மயிரில் கரை சேர்க்கத் தெரியாதவன் தூண்டில்காரன் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது என்பது காட்டனின் கட்சி. கொஞ்சம் கர்வம்தான். செய்து காட்டியவரின் கர்வம்.

லண்டன் பாணியில் கட்டிய ஈ ஒன்றை நண்பர் ஒருவர் அவருக்குக் கொடுத்தாராம். தடித்த உடம்பு, பெரிய சிறகு. காட்டன் அதைத் தம் வீட்டுச் சன்னலில் தொங்கவிட்டு, பார்க்கும்போதெல்லாம் சிரித்தார். இந்த ஆற்றுக்கு வருகிறவர்கள் இந்த ஊர் முறைப்படிதான் ஈ கட்ட வேண்டும் என்றும் சொன்னார்.

பெரியவர் புறப்பட்டார்

1676 ஏப்ரல் 29-ந் தேதி வால்டன் காட்டனுக்கு ஒரு கடிதம் எழுதினார். நூலைப் புகழ்ந்தார். தாம் நூறு மைலுக்கு அப்பால் இருப்பதையும், தமக்கு 83-வது வயது நடப்பதையும் சொன்னார். ஆனாலும் அடுத்த மாதம் யாத்திரை புறப்பட்டு அங்கே வர எண்ணியிருப்பதாகத் தெரிவித்தார்.

அடுத்த மாதம் என்றால் மே. பச்சை ஈ வரும் மாதம்! மீன்பிடி வீட்டைக் கட்டி முடித்த பிறகு வால்டன் பார்த்ததில்லை. எழுத்துப் பின்னிய கல்லை மட்டும், சுவரில் வைப்பதற்கு முன்னால் பார்த்திருந்தார். ரயில் இல்லாத காலத்தில், குண்டும் குழியுமான பாதையில், நூறு மைலைக் கடக்க ஆசைப்பட்டார் 82 வயதுக் கிழவர்.

காட்டனின் கடன் தீரவில்லை. 1681-ல் பெரெஸ்ஃபோர்டு அவர் கையை விட்டுப் போனது. 1687-ல் லண்டனில் காலமானார். மாளிகை பிறகு இடிந்துபோயிற்று. ஆற்றங்கரையில் மீன்பிடி வீடு மட்டும், பின்னிய எழுத்துகளோடு நிலைத்துவிட்டது.

கடும் குளிரில் ஓர் உயில்

வால்டனின் இரண்டாம் மனைவி ஆன் 1662-ல் இறந்தார். அதன் பிறகு அவர் தனியாகக் குடித்தனம் நடத்தவில்லை. நண்பர் மார்லி, மேற்றிராணியார், தம் இல்லத்தில் இடம் கொடுத்தார். கடைசிக் காலத்தில் விஞ்செஸ்டரில் மகள் வீட்டில் இருந்தார். மருமகன் பாதிரியார். 85-வது வயதில் கூட ஒரு வாழ்க்கை வரலாறு எழுதி வெளியிட்டார்.

1683 ஆகஸ்டு 9-ந் தேதி, 90 வயது நிறைந்த அன்று, தம் கையாலேயே உயில் எழுதத் தொடங்கினார். எழுதி முடித்து, அரை நூற்றாண்டுக்கு முன்பு ஜான் டன் கொடுத்த முத்திரையால் முத்திரை வைத்தார்.

அந்த ஆண்டு இங்கிலாந்தில் வரலாறு காணாத குளிர். தேம்ஸ் நதியே உறைந்து, அதன் மேல் மக்கள் கடை போட்ட குளிர்காலம் அதுதான். அந்தக் குளிரில் டிசம்பர் 15-ந் தேதி வால்டன் காலமானார். விஞ்செஸ்டர் பெரிய கோவிலில் அடக்கம் செய்தார்கள்.

உயிலில் ஸ்டாஃபர்டு பக்கத்தில் உள்ள தம் பண்ணை நிலத்தைப் பற்றி அவர் எழுதியிருந்தார். மகன் மணம் செய்து குடும்பம் நடத்தினால் நிலம் மகனுக்கு. இல்லாவிட்டால் ஊருக்கு. ஊருக்கு வந்தால் அந்த வருமானத்தில் ஏழைப் பையன்கள் இரண்டு பேரை ஆண்டுதோறும் தொழில் பழகச் சேர்க்க வேண்டும். ஒரு ஏழைப் பெண்ணின் கலியாணத்துக்கு உதவ வேண்டும். மீதிப் பணத்தில் ஜனவரி கடைசி வாரத்திலோ பிப்ரவரி முதல் வாரத்திலோ ஏழைகளுக்கு நிலக்கரி வாங்கிக் கொடுக்க வேண்டும். குளிர் அதிகமாக வாட்டுவது அந்த நாட்களில்தான் என்று காரணமும் எழுதியிருந்தார்.

மகன் பாதிரியார் ஆனார். கலியாணம் செய்துகொள்ளவில்லை. நிலம் ஸ்டாஃபர்டு ஏழைகளுக்குப் போய்ச் சேர்ந்தது.